மூன்று முனை மடிப்பு

வைகாசி வெயிலில் ஸ்ரீபெரும்புதூரில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நடமாடுகிறவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய கம்பெனி மேனேஜர். இன்னொன்று, கல்யாண மாப்பிள்ளை. மேனேஜராவது ஏசி காரிலிருந்து இறங்கி ஏசி ஆபீசுக்குள் நுழைந்துவிடுவார். மாப்பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் மேடையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துச் சிரித்து வெந்துபோக வேண்டியதுதான். இருந்தாலும் ரிசப்ஷன் என்றால் இந்தப் பக்கத்தில் கோட்டு சூட்டு. அதைப் பெண் வீட்டார் எடுத்துத் தருவது வழக்கம். எப்போது வழக்கமானது, யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எல்லாரும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

கனகத்தின் ஒரே மகன் சிவசங்கருக்கும் அப்படித்தான் கோட்டு வந்தது. அவன் இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெண் சுகப்பிரியா காஞ்சிபுரத்துக்காரி. அவளுடைய அப்பா ஏகாம்பரநாதன், "எந்தக் கடையில வேணாலும் தெச்சுக்கட்டும், கொறை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டதால், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் டெய்லர் யாக்கோபுவிடம் அம்மாவும் மகனும் அளவு கொடுக்கப் போனார்கள்.

யாக்கோபு மார்பு, தோள், கை எல்லாம் அளந்து முடித்துவிட்டு, "மேல் பாக்கெட்டுக்கு ஒரு துணி வெக்கணும்மா" என்றார். "பொண்ணு ரிசப்ஷனுக்குக் கட்டுற புடவை கலர்லயே. பிளவுஸ் பிட்டுல கொஞ்சம் மிச்சம் வெக்கச் சொல்லுங்க. நான் ஓரம் அடிச்சுத் தரேன்."

"கர்ச்சீப்பா?" என்றாள் கனகம்.

"பாக்க கர்ச்சீப் மாதிரிதான். மூக்கு சிந்தக் கூடாது. பாக்கெட் ஸ்கொயர்ன்னு பேரு. சும்மா அழகா மடிச்சு, முனை மட்டும் வெளிய தெரியிற மாதிரி வெக்கிறது."

"அத யாரு மடிச்சு வெக்கணும்?" என்று கேட்டாள் கனகம்.

சிவசங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாக்கோபு சிரிக்கவில்லை. எத்தனையோ கல்யாண வீட்டு அம்மாக்களை அளவு டேப்பும் கையுமாக நின்று பார்த்தவர். கனகத்தின் வெறும் நெற்றியைப் பார்த்தார்; கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்தது.

"அதுக்கு இன்னாம்மா முறை கீது? வெள்ளக்காரன் துணி. யாருக்கு மடிக்கத் தெரியுதோ அவங்க மடிச்சு வெச்சா சரி" என்றார்.

அந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொண்டுதான் கனகம் கடையிலிருந்து இறங்கினாள்.

அவள் புருஷன் நாகப்பன், மகன் பாலிடெக்னிக் கடைசி வருஷம் படிக்கும்போது போய்விட்டான். ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரி இடித்துவிட்டது. அதற்குப் பிறகு கனகம் வேலைக்குப் போனாள். கிடைத்த வேலையும் ஏர்பேக் கம்பெனியில். கார் மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து உப்பி வெளியே வந்து ஆளைக் காப்பாற்றுமே, அந்தப் பையை மடித்து வைக்கிற வேலை. பைக்குக்கு அப்படி ஒன்றும் கிடையாதா என்று ஆரம்பத்தில் யோசித்து யோசித்து அழுதிருக்கிறாள். பிறகு விட்டுவிட்டாள். அழுதுகொண்டு மடித்தால் மடிப்பு கோணிவிடும்.

கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்தே கனகம் நகர்ந்துகொண்டே இருந்தாள். பத்திரிகைக்கு மஞ்சள் தடவியபோது அடுப்படிக்குப் போய்விட்டாள். பந்தக்கால் நட்டபோது மாடிக்கு. நலங்கு வைத்தபோது தண்ணீர் கேன்காரனுக்கு வழி காட்டுகிற சாக்கில் தெருமுனைக்கு. போ என்று அவளை யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிட்டால் கொஞ்சம் மானம் மிச்சம். அம்மாவும் அப்பாவும் செய்ய வேண்டியதையெல்லாம் நாகப்பனின் அக்கா பெருந்தேவியும் அவள் புருஷன் கோபாலும் செய்வது என்று முடிவாகியிருந்தது. முடிவு பண்ணியதே கனகம்தான். வேறு யாராவது பண்ணி அதை அவள் காதில் போடுவதற்கு அவள் ஏன் காத்திருக்க வேண்டும்?

பெருந்தேவியைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம்பி போன பிறகு அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்று தினமும் வந்து பார்த்தவள் அவள். சிவசங்கர் படிப்பை நிறுத்திவிட்டு லோடு வண்டிக்குப் போகிறேன் என்றபோது கன்னத்தில் அறைந்து காலேஜுக்கு அனுப்பியவளும் அவள்தான். மகனைப் பெற்றவள் கனகம் என்றால், பாதி வளர்த்தவள் பெருந்தேவி. அதனால்தான் எல்லாம் சிக்கலாக இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அப்படி எல்லாவற்றிலிருந்தும் நகர்ந்து நகர்ந்து சுவரோரம் வந்து நின்றவளுக்கு, இந்தக் கல்யாணத்தில் முறை என்று எதுவும் எழுதப்படாத ஒரு பொருள் கிடைத்துவிட்டது. மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, சாஸ்திரிக்கு அதன் பேரே தெரியாது. ஒரு துண்டுத் துணி. மகன் கல்யாணத்தில் தன் கை பட்ட ஒன்று இருக்கும் என்று நினைத்தபோது, வேறு யாரோ தனக்குப் பரிசு கொடுத்ததுபோல் கனகத்துக்குக் கூச்சமாக இருந்தது.

மடிப்பைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தாள். போனில் வீடியோ பார்த்தாள். நேராக ஒரு பட்டைபோல் தெரிகிற மடிப்பு, பூப்போல உப்பி நிற்கிற மடிப்பு, மூன்று முனையாக நிற்கிற மடிப்பு. மூன்று முனை அவளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் செய்ய ஆரம்பித்தால் அது வரவில்லை. காரணம் வேடிக்கையானது. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடிக்கும்போது இரண்டு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரக் கூடாது. ஒன்று கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். அப்போதுதான் இரண்டு முனை தெரியும். கனகத்தின் கைக்கு விலகல் வராது. ஓரம் ஓரத்தோடு சேராத மடிப்பை வருஷக்கணக்காகக் கழித்துக் கட்டி சிவப்புப் பெட்டியில் போட்டுப் பழகிய கை அது. விலக்கி வை என்று மனசு சொன்னால், கை தானாகப் போய் நேர்ப்படுத்திவிட்டு வந்தது.

கேன்டீனில் டிஷ்யூ பேப்பரை வைத்துப் பழகினாள். கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் வேலை செய்யும் ஜோதி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, பிரேக்லயும் மடிச்சிகினு கீற? சூப்பர்வைசர் பாத்தா இதுக்கும் டார்கெட் வெச்சுடுவாரு."

"சிரிக்காத. இத கோணலா மடிக்கக் கத்துக் குடு."

"கோணலா மடிக்கிறதுக்கா? அதுக்குத்தான் நான் தெனமும் திட்டு வாங்கினு கீறேன்" என்றாள் ஜோதி. அவளும் உட்கார்ந்து மடித்தாள். அவளுக்கு முதல் தடவையே வந்தது.

வீட்டில் ஆணியில் தொங்கிய மகனின் யூனிபார்ம் சட்டைப் பாக்கெட்டில் கைக்குட்டையை வைத்து வைத்துப் பார்த்தாள். முதல் முனையை விலக்கி மடித்து, ஒரு பக்கத்து நுனியை மேலே ஏற்றினால் மூன்றாவது முனை. மறுபக்கத்தைப் பின்னால் தள்ளி, அடியை உள்ளே மடக்க வேண்டும். பாக்கெட் ஆழமாக இருந்தால் துணி உள்ளே இறங்கிவிடும். அந்த ஆழத்துக்குத் தக்கபடி அடியை மடக்க வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. சிவசங்கர் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பான். அவன் அதிகம் பேசாதவன். "நல்லா கீது ம்மா" என்பான், அவ்வளவுதான். அவன் அப்பனும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் ரிசப்ஷன். மண்டபத்து மாப்பிள்ளை அறையில் சிவசங்கர் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். யூனிபார்மைத் தவிர வேறு எதிலும் விறைப்பாக நின்று பழக்கமில்லாதவன். கறுப்புக் கோட்டில் அவனைப் பார்க்கக் கனகத்துக்கே கொஞ்சம் தூரத்து ஆள்போல இருந்தது. நண்பர்கள் கார் அலங்காரம் பார்க்கக் கீழே போயிருந்தார்கள். பெருந்தேவி வெளியே வராந்தாவில் நாலைந்து பெண்களோடு ஆரத்தித் தட்டு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, வெச்சு வுடு" என்றான் சிவசங்கர்.

கனகம் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு. சுகப்பிரியாவின் புடவையோடு வந்த பிளவுஸ் பிட்டிலிருந்து வெட்டி, ஒரு ஓரத்தில் மெல்லிசாகச் சரிகை தெரியும்படி யாக்கோபு அடித்துக் கொடுத்திருந்தார். கட்டில்மேல் விரித்து, மடித்தாள். நல்ல காஞ்சிப் பட்டுக்கு உடம்பில் ஒரு தெம்பு இருக்கும், நிறுத்தினால் நிற்கும். மூன்று முனையும் நின்றது. சரிகை இரண்டில் கீற்றாக ஓடியது. பாக்கெட்டுக்குள் இறக்கி, முனைகளை விரலால் நீவி, ஒரு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். அழகாக இருந்தது. அவள் கை பட்டது, அவன் நெஞ்சின்மேல்.

அங்கேதான் தப்பு நடந்தது.

கனகத்தின் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அந்த இடத்தைப் பார்த்துக் கையை நேராக நீட்டி, விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் கணக்கில் சேராது. கவனம் தப்பாமல் இருக்க ஜப்பான்காரன் கண்டுபிடித்த வழி. சூப்பர்வைசர் எழிலரசன், "சத்தமா, சத்தமா" என்று பின்னாலேயே நடப்பான். மெஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி கத்த வேண்டும். ஒரு ஷிப்ட்டில் எத்தனை பையோ அத்தனை தடவை கை நீளும், வாய் கத்தும். கனகம் வீட்டில் கேஸை அணைத்தாலும் கை நீளும். ஊருக்குப் போகும்போது பூட்டைப் பார்த்துக் கத்தி, பக்கத்து வீட்டார் சிரித்திருக்கிறார்கள்.

மகனின் மார்பைப் பார்த்துக் கை நீண்டது.

"மடிப்பு ஓகே!"

அறையே அதிர்ந்தது. சிவசங்கர் சிரித்தான். கனகமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதவு திறந்தது.

பெருந்தேவி ஆரத்தித் தண்ணீர் சிவந்த விரல்களோடு நின்றாள். கனகத்தைப் பார்த்தாள், மருமகனின் மார்பைப் பார்த்தாள். உள்ளே வந்து கதவைத் தன் பின்னால் சாத்தினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"இன்னா கனகம் பண்ற?"

"துணி மடிச்சு வெச்சேன் அண்ணி. இதுக்கெல்லாம் முறை இல்லன்னு டெய்லரு..."

"டெய்லரு சொன்னா ஆச்சா? இது பொண்ணோட பட்டு. வுடிஞ்சா தாலி ஏறப்போற பொண்ணோட பட்டு. அத இவன் நெஞ்சுல... நீயே வெக்கிறியே?"

பெருந்தேவி விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துணியைப் பாக்கெட்டிலிருந்து உருவி ஒரு உதறு உதறினாள். மூன்று முனையும் போய் வெறும் துணியாகத் தொங்கியது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"கோச்சிக்காத. எனக்குப் பயமா கீதுடி. தம்பியத்தான் வாரிக் குடுத்துட்டோம். இருக்கிறது இவன் ஒருத்தன்."

கனகம் மகனைப் பார்த்தாள். அவன் புது ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"டைம் ஆச்சு அத்தை" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பெருந்தேவி துணியை நாலாக மடித்துப் பாக்கெட்டில் செருகினாள். பஸ் டிக்கெட் எட்டிப் பார்ப்பதுபோல அது எட்டிப் பார்த்தது. கனகம் வெளியே வந்துவிட்டாள்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இன்னும் பந்தி ஆரம்பிக்கவில்லை. பேப்பர் விரித்த மேஜைகளில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெருந்தேவிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமாக வாங்கிப் பழகிய அடி, புதிதாக வலிப்பதற்கு ஒன்றும் இல்லை. மகன்மேல்தான் வந்தது. சும்மா வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. "இருக்கட்டும் அத்தை" என்று இரண்டு வார்த்தை. அதற்குக்கூட வாய் இல்லையா? வீட்டில் உட்கார்ந்து நல்லா கீது, நல்லா கீது என்று சொன்னதெல்லாம் என்ன? பெற்ற வயிறு எரிந்தது. எரிகிறதே என்று பயமாகவும் இருந்தது. நல்ல நாளில் பெற்றவள் வயிறு எரியலாமா என்று அதற்கும் தன்னையே நொந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி ஆட்கள் சாப்பிட வந்தார்கள். ஜோதி அவளைத் தேடிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இங்க இன்னா பண்ற? ஆமா, மூணு முனை எங்க? நான் கிப்ட் குடுக்க மேல போய் நல்லா பாத்தேன், பாக்கெட்டு காலியா கீது."

"இருக்கும். நாலா மடிச்சு வெச்சிருக்காங்க."

"ஒண்ணுமே இல்லக்கா. அங்க பாரு."

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மேடையைக் காட்டுகிற பெரிய டிவி இருந்தது. சிவசங்கரும் சுகப்பிரியாவும் நின்றுகொண்டிருந்தார்கள். மயில்கழுத்துப் புடவை. பக்கத்தில் கறுப்புக் கோட்டு. மேல் பாக்கெட் வாய் மூடிக் கிடந்தது. போட்டோகிராபர் மேடையேறி அந்தப் பாக்கெட்டைச் சுட்டிக்காட்டி என்னவோ கேட்டான். சிவசங்கர் தலையை ஆட்டினான். ஏகாம்பரநாதன் வந்து கேட்டார். அவருக்கும் அதே தலையாட்டல். வந்தவர்களுக்குக் கை கொடுத்தான், சிரிக்கவில்லை.

கனகம் எழுந்திருக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருந்தேவி வந்தபோது மூச்சு வாங்கியது. படி இறங்கி வந்திருக்கிறாள். ஜோதி நாகரிகம் தெரிந்தவள், இலையில் உட்காரப் போய்விட்டாள். பெருந்தேவியின் மூடிய கைக்குள்ளிருந்து பட்டின் ஒரு நுனி தெரிந்தது.

"எடுத்து என் கையிலயே குடுத்துட்டான் கனகம். ஒண்ணும் பேசல. சண்ட போட்டிருந்தா நானும் நாலு வார்த்த கேட்டிருப்பேன். சம்பந்தி வந்து எங்க பட்டு எங்கன்றாரு, கம்முனு நிக்கிறான். அப்பன மாதிரியே கம்முனு நிக்கிறான்." கையைத் திறந்து நீட்டினாள். "வா. வந்து நீயே மடிச்சு வை."

இதற்குத்தானே இத்தனை நாள் பழகினாள்? ஆனால் கனகத்தின் வாயிலிருந்து வந்தது வேறு.

"வேணாம் அண்ணி."

"கோவமா?"

"கோவம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "மடிக்கும்போது ஒண்ணும் தெரியல. நீங்க எடுத்து ஒதறினீங்க பாருங்க, அப்ப உள்ள வந்து உக்காந்துக்கிச்சு. நாளைக்கு அவன் அவங்கப்பா அடிபட்ட அதே ரோட்டுல பைக்ல போவான், வருவான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான் என் கையத்தானே பாப்பேன்? இந்தக் கையாலதானே மடிச்சு வெச்சேன்னு சாகிற வரைக்கும் பாத்துகினு கெடப்பேன். வேணாம். நீங்களே வெச்சுடுங்க."

பெருந்தேவி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பந்தியில் சாம்பார் வாளி சத்தம் கேட்டது.

"உன் கல்யாணத்துல யாரு கை பட்டுச்சு?" என்றாள்.

கனகம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் கை. கல்யாணம்னா ஊர்ல மொதல்ல என்னத்தான் கூப்புடுவாங்க, நல்ல கைன்னு. பந்தக்கால்ல இருந்து நான்தான். தாலிக்கு மொத முடிச்சு தம்பி போட்டான். மிச்ச முடிச்சு, நாத்தனாரு முடிச்சு, நான் போட்டேன். இறுக்கித்தான் போட்டேன் கனகம். அவ்வளவு ஆசயா போட்டேன்." அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "நின்னுச்சா?"

இத்தனை வருஷத்தில் இந்த நினைப்பு ஒரு தடவைகூடக் கனகத்துக்கு வந்ததில்லை.

"அவன் போன நாள்ல இருந்து இத நெனச்சிகினுதான் படுக்குறேன். என் முடிச்சுல இன்னா கொறன்னு. யாருகிட்ட கேப்பேன்? உன் கைய சொல்லிட்டா, என் கைய யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?" பெருந்தேவி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அவ்வளவுதான்டி. வேற ஒண்ணும் இல்ல."

பெருந்தேவி வலது கையை நீட்டினாள். கனகம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் எத்தனையோ தடவை பிடித்த கைதான். அன்றைக்குத்தான் அதுவும் தன்னுடையதைப்போலப் பயந்துகொண்டிருந்த கை என்று தெரிந்தது.

"எழுந்திரு" என்றாள் பெருந்தேவி. "பயமா இருந்தா இருக்கட்டும். நானும் வரேன்."

மேடைக்கு ஏற வரிசையில் ஆட்கள் பரிசுப் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெருந்தேவி "கொஞ்சம் நவுரு, கொஞ்சம் நவுரு" என்று விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். படி ஏறும்போது சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கனகம் கவனித்தாள். முதல் வரிசையில் ஒரு கிழவர் செருமினார். கால் பின்னுக்கு இழுத்தது. சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிடும் அந்தப் பழக்கம் காலில் ஊறிப்போயிருந்தது. பின்னால் திரும்ப முடியாதபடி பெருந்தேவி அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

மேடையில் மடிப்பதற்கு ஒரு பலகை கிடையாது. கனகம் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். சுகப்பிரியா பூச்செண்டைச் சோபாவில் போட்டுவிட்டு, மருதாணிக் கைகள் இரண்டையும் சேர்த்து முன்னால் நீட்டினாள்.

"இதுல வெச்சு மடிங்க அத்தை" என்றாள்.

கனகம் அந்த உள்ளங்கைகளின்மேல் பட்டை விரித்தாள். அறையில் மடித்ததுபோல் வரவில்லை. பெருந்தேவியின் கைக்குள் கசங்கியதில் பட்டின் தெம்பு போயிருந்தது. ஒரு முனை நின்றது, ஒன்று பாதி நின்றது, மூன்றாவது சாய்ந்துவிட்டது. பிரித்துத் திருப்பி மடிக்கலாமா என்று யோசித்தாள். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே எடுத்தாள்.

சிவசங்கர் குனிந்தான். "வாய் வரல ம்மா அப்ப" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும். ஆடாம நில்லு" என்றாள். கோபம் முழுதும் போய்விடவில்லை. அது மெதுவாகப் போகட்டும்.

பட்டைப் பாக்கெட்டுக்குள் இறக்கினாள். சாய்ந்த முனையை நிமிர்த்தப் பார்த்தாள். அது மறுபடியும் சாய்ந்தது. அடியில் சரியாக உட்காரவில்லையோ என்று, பாக்கெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினாள். கோட்டுக்கும் சட்டைக்கும் கீழே அவன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக அடித்தது. இவனும் பயந்துதான் நிற்கிறான் என்று புரிந்தது. இத்தனை நாள் எது நின்றுவிடுமோ என்று அவள் கையை மறைத்து மறைத்து வைத்துக்கொண்டாளோ, அது அந்தக் கைக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. நாளைக்கும் அவன் பைக்கை எடுத்தால் அவளுக்குப் பயமாகத்தான் இருக்கும்.

போட்டோகிராபர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

"அம்மா, கைய கொஞ்சம் எடுங்க. துணி மறையுது."

கனகம் கையை எடுக்கவில்லை.